தஞ்சைத் தீர்மானமும் மூன்றாண்டுச் சிறையும்: கொடியெரிப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தேசியக் கொடியைப் பொது இடத்தில் எரித்தால் இந்தியாவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1971இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தை எரித்தாலும் அதே பிரிவு, அதே தண்டனை. கிழிப்பது, மிதிப்பது, பேச்சாலோ எழுத்தாலோ இழிவுபடுத்துவது எல்லாம் அதற்குள் வரும்.

இதற்கு 14 ஆண்டு முன்பே, 1957இல், சென்னை மாநிலச் சட்டமன்றம் இதே நோக்கத்தில், இதே மூன்றாண்டு உச்ச தண்டனையோடு ஒரு சட்டம் செய்துவிட்டது. அதற்குக் காரணம் தஞ்சாவூரில் கூடிய ஒரு மாநாடு. அந்தச் சட்டத்தால் சிறைக்குப் போன பட்டுக்கோட்டைக்காரர் ஒருவரும் மணல்மேட்டுக்காரர் ஒருவரும் உயிரோடு ஊர் திரும்பவில்லை. கொடியை எரிப்பது கருத்துரிமைக்குள் வருமா என்று விவாதம் கிளம்பினால் உடனே அமெரிக்கத் தீர்ப்புகளை எடுத்துப் போடுகிறோம். போடலாம், நானும் போடப்போகிறேன். ஆனால் காவிரிக் கரை மக்கள் அந்தக் கேள்விக்குள் வாழ்ந்து பார்த்தவர்கள். அந்த வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடியை எரிப்பதை நான் விரும்பவில்லை. சுதந்திர தினத்தன்று கொடியேறும்போது எழுந்து நிற்கிறவன் நான், மனமார நிற்கிறேன். ஆனால் தனக்குச் சொந்தமான ஒரு கொடியை, யாருக்கும் ஆபத்தில்லாமல், அரசுக்கு எதிரான கண்டனமாக ஒருவர் எரித்தால், அதற்காக மட்டுமே அவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். 1955, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

1955: எரியாத கொடி

1955இல் இந்தித் திணிப்பைக் கண்டித்து ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கும் போராட்டம் நடக்கும் என்று பெரியார் அறிவித்தார். விடுதலை கிடைத்து எட்டு ஆண்டுகூட நிறையாத காலம். கொடிக்காக அடிபட்டவர்கள் ஊருக்கு ஊர் உயிரோடு இருந்தார்கள். அறிவிப்பு எவ்வளவு பேரின் நெஞ்சைச் சுட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

அப்போது முதலமைச்சர் காமராசர். அவரே கொடியேந்திச் சிறை சென்றவர். தமிழ் மக்கள் மீது இந்தி திணிக்கப்படாது என்று மத்திய அரசின் சார்பிலும் மாநில அரசின் சார்பிலும் அவர் உறுதிமொழி கொடுத்தார். பெரியார் போராட்டத்தை ஒத்திவைத்தார். கொடி எரியவில்லை.

அந்த முறை அரசு ‘எரித்தால் மூன்றாண்டு’ என்று சொல்லவில்லை. எரிக்கப் போகிறவர்கள் என்ன சொல்ல வருகிறார்கள் என்று கேட்டது, பதில் சொன்னது. கொடியைக் காப்பாற்றியது அந்தப் பதில்தான்.

1957: எரிந்த சட்டம்

இரண்டு ஆண்டு கழித்து நடந்தது வேறு கதை. 1957 நவம்பர் 3 அன்று தஞ்சாவூரில் திராவிடர் கழகத்தின் தனி மாநாடு கூடியது. அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்கிறது, ஆனால் சாதியை ஒழிக்கவில்லை, மத உரிமை என்ற பெயரில் சாதிக்குப் பாதுகாப்பும் கொடுக்கிறது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அந்தப் பிரிவுகளை நீக்காவிட்டால் நவம்பர் 26 அன்று சட்ட நூலைக் கொளுத்துவோம் என்று தீர்மானம் போட்டார்கள். அரசியல் நிர்ணய சபை 1949இல் அரசமைப்புச் சட்டத்தை ஏற்ற நாள் அது. இப்போது அரசமைப்பு நாள் என்று கொண்டாடுகிறோம்.

அந்த நேரத்தில் அரசமைப்புச் சட்ட நூலை எரிப்பதற்கென்று தனியாக ஒரு தண்டனைச் சட்டம் இங்கே கிடையாது. தீர்மானத்துக்கும் குறித்த நாளுக்கும் நடுவே இருந்த மூன்று வாரத்துக்குள் மாநில அரசு அப்படி ஒன்றை அவசரமாக நிறைவேற்றியது. முதலமைச்சர் அப்போதும் காமராசர்தான். ஆனால் 1955இல் நடந்த பேச்சு இந்த முறை நடக்கவில்லை. மாநில அரசால் அரசமைப்பைத் திருத்த முடியாது என்பது உண்மைதான். அதற்காக, திருத்தக் கேட்பவர்களை அழைத்துப் பேச முடியாது என்று ஆகிவிடுமா?

சட்டம் எரிப்பைத் தடுத்ததா? இல்லை. பெரியாரை முன்கூட்டியே கைது செய்த பிறகும் நவம்பர் 26 அன்று ஊர் ஊராகச் சட்ட நகல்களை எரித்தார்கள். பத்தாயிரம் பேர் எரித்தார்கள், மூவாயிரம் பேர் வரை சிறை சென்றார்கள் என்பது கழகத் தரப்புக் கணக்கு. சில மாதங்களிலிருந்து மூன்று ஆண்டு வரை தண்டனை விதிக்கப்பட்டது. நீதிமன்றத்தில் வழக்காட வேண்டாம் என்பது முடிவு. எரித்ததை ஒப்புக்கொண்டார்கள். இதனால் எந்த உயிருக்கும் யாருடைய பொருளுக்கும் கேடில்லை, ஆகவே நாங்கள் குற்றவாளிகள் அல்ல என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். வக்கீல் வைக்காத அந்தச் சாதாரண மனிதர்கள் சொன்ன வாதத்தைவிடத் தெளிவான ஒன்றை நான் எந்தத் தீர்ப்பிலும் படித்ததில்லை.

பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் 1958 மார்ச்சில் திருச்சிச் சிறைவாசத்தில் இறந்தார்கள். மாநிலம் முழுக்கப் பெயர் தெரிந்த தலைவர்கள் அல்லர் இருவரும். உடல்களை வெளியே தர அதிகாரிகள் மறுத்தபோது மணியம்மையார் சென்னைக்குப் போய் ஆட்சியாளர்களிடம் போராடிப் பெற்று வந்தார், திருச்சியில் ஊர்வலமாக எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள். சிறையிலும், விடுதலையாகி வந்த கொஞ்ச நாளிலும் உடல் நலிந்து இறந்தவர்கள் இன்னும் சிலர். டெல்டாக்காரர்களில் இன்று எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? காகிதத்தை எரித்ததற்கு இவர்கள் கொடுத்த விலை உயிர். எரிந்த நூலோ அடுத்த நாளே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில் அம்பேத்கரே, இந்த அரசமைப்புச் சட்டத்தை எரிக்கும் முதல் ஆளாக நான் இருப்பேன் என்று ஆவேசமாகப் பேசியிருக்கிறார். அவைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது. ஒரு வரைவாளர் அவையில் சொன்னதை ஒரு தொண்டர் தெருவில் செய்தபோது சிறைக் கதவு திறந்தது.

எரித்தவர்கள் வெளியே போய்விடவில்லை

கொடியையோ சட்டத்தையோ எரிப்பவர் நாட்டை வேண்டாம் என்கிறார், ஆகவே நாடு அவருக்கு உரிமை தர வேண்டியதில்லை என்ற வாதத்தைத் தேநீர்க் கடையிலிருந்து தொலைக்காட்சி வரைக்கும் கேட்கிறோம். தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

1963 நவம்பரில் அரசமைப்பில் ஆட்சிமொழி பற்றிய 17ஆம் பகுதியை எரிக்கும் போராட்டத்தை திமுக அறிவித்தது. அண்ணா முன்னதாகவே கைதானார், ஆறு மாதம் சிறை. 1967இல் அதே அண்ணா அதே அரசமைப்பின் மீது உறுதியெடுத்து முதலமைச்சர் ஆனார். எரிக்கப் போனவர்தான் அந்தச் சட்டத்துக்குள் நின்று ஆட்சி நடத்தினார்.

திருக்குவளையில் பிறந்த கருணாநிதியின் கதை இன்னும் கூர்மையானது. சுதந்திர தினத்தன்று மாநிலங்களில் கொடியேற்றும் உரிமை முன்பு ஆளுநர்களிடம் இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கே அந்த உரிமை வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் கேட்டு வாங்கியவர் அவர். 1974 ஆகஸ்ட் 15 அன்று கோட்டைக் கொத்தளத்தில் அவர் கொடியேற்றினார். இன்று இந்தியா முழுக்க எல்லா முதலமைச்சர்களும் அன்று கொடியேற்றுவது அதன் தொடர்ச்சி. 12 ஆண்டு கழித்து, 1986இல், இந்தி எதிர்ப்புக்காக அரசமைப்பின் பகுதியை எரிக்கும் போராட்டத்தில் அவருக்குப் பத்து வாரம் கடுங்காவல். திருவாரூர்ப் பக்கம் காட்டூரில் பிறந்த க. அன்பழகன் உள்ளிட்ட பத்துப் பேரின் சட்டமன்ற உறுப்பினர் பதவியைச் சபாநாயகர் பி.எச். பாண்டியன் பறித்தார்.

கொடியை ஏற்றும் உரிமைக்காக எழுதியவரும் சட்டத்தை எரித்ததற்காகக் கைதி உடை போட்டவரும் ஒரே மனிதர். நாட்டின் மீது உரிமை கொண்டாடுகிறவர்தான் அதனிடம் கோபப்படுவார். வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிறவருக்கு எரிக்க வேண்டிய தேவையே இல்லை.

1957இல் எரித்தவர்களின் சாதி ஒழிப்புக் கோரிக்கை என்னவாயிற்று என்பதையும் பார்க்கலாம். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1970இல் கொண்டுவந்தது. பல சாதிகளைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் 2021 ஆகஸ்டில் நியமிக்கப்பட்டார்கள். வழக்குகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனாலும் அன்று குற்றமாகத் தெரிந்த பேச்சின் ஒரு பகுதி இன்று அரசாணையாக இருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் இருப்பது

அரசமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையையும் கருத்து வெளியிடும் உரிமையையும் தருகிறது. அதை எதற்காகவெல்லாம் கட்டுப்படுத்தலாம் என்று 19(2) ஒரு பட்டியல் கொடுக்கிறது: இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல், இன்னும் சில. இதில் ஒருமைப்பாடு என்பது 1963இல் 16ஆம் திருத்தத்தால் சேர்ந்தது. பிரிவினைப் பேச்சைத் தடுக்க வந்த திருத்தம் அது, தமிழ்நாட்டு அரசியலும் அதற்கு ஒரு காரணம். தேசிய கௌரவம் என்று ஒரு தலைப்பு அந்தப் பட்டியலில் இன்றுவரை இல்லை. கொடிக்கு மரியாதை தருவது 51அ பிரிவின்படி ஒரு கடமை. ஆனால் அந்தக் கடமைகள் 1976இல் சேர்க்கப்பட்டவை, அவற்றை மீறினால் சிறை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது 19(1)(அ)வின் கீழ் குடிமகனின் உரிமை என்று 2004இல் நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது கொடியேற்றுவது ஒரு கருத்து வெளிப்பாடு. அதே தீர்ப்பு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே அந்த உரிமை என்றும் சொல்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி நிற்கிறது. ஏற்றுவது பேச்சு என்றால், கண்டனமாக எரிப்பது மட்டும் எப்படிப் பேச்சில்லாமல் போகும்? அது பிடிக்காத பேச்சாக இருக்கலாம். பிடிக்காத பேச்சைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அரசு அந்தப் பட்டியலில் ஒரு காரணத்தைக் காட்டத்தான் வேண்டும்.

நெருப்பு பற்றியும் ஒரு விஷயம். கிழிந்துபோன கொடியை என்ன செய்வது என்று இந்தியக் கொடிக் குறியீடு, 2002 சொல்கிறது: முழுக்க, தனியிடத்தில், எரித்தோ கண்ணியம் குறையாத வேறு வழியிலோ அழிக்க வேண்டும். ஆக எரிப்பதே அவமதிப்பு அல்ல, வணக்கத்தோடு எரித்தால் கடமை, கோபத்தோடு எரித்தால் குற்றம். தண்டனை தீக்கு இல்லை, மனதில் இருந்த கருத்துக்குத்தான். கருத்துக்குத் தண்டனை என்று ஒப்புக்கொள்ள நம் நீதிபதிகள் பலர் தயங்கியிருக்கிறார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையோடு எழுந்து நின்று, ஆனால் மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த கேரளத்துப் பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றியது தவறு என்று 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார், நம் மரபு சகிப்பைக் கற்றுத் தருகிறது என்றார். 2013 கிறிஸ்துமஸில் கோவையில் மூவர்ணக் கேக்கை வெட்டியது குற்றமா என்ற வழக்கு 2021இல்தான் முடிந்தது. குற்றமில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார். ஒரு கேக்குக்கு இத்தனை ஆண்டு.

2016 ஜனவரியில் ஓர் இளைஞர் கொடியை எரிக்கும் படத்தை முகநூலில் போட்டுச் சென்னையில் கைதானார். காவலில் தன்னை அடித்துக் கையை உடைத்தார்கள் என்பது அவருடைய புகார். நாட்டின் கௌரவத்துக்கு அந்தப் படத்தால் வந்த கேடு பெரிதா, அந்தப் புகாரால் வந்த கேடு பெரிதா என்பதை வாசிப்பவர்களே முடிவு செய்யட்டும்.

அமெரிக்க வழக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலருக்கும் தெரிந்ததே. 1984இல் டல்லாஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு எதிரான போராட்டத்தில் கிரிகரி லீ ஜான்சன் அமெரிக்கக் கொடியை எரித்தார். டெக்சஸ் நீதிமன்றம் ஓராண்டு சிறை விதித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றது. தீர்ப்பை எழுதியவர் பிரென்னன். பழமைவாதியான ஸ்காலியா அவரோடு சேர்ந்தார், தாராளவாதியான ஸ்டீவன்ஸ் எதிர்த்தார். கட்சி பார்த்துப் பிரிந்த தீர்ப்பு அல்ல. நாடாளுமன்றம் உடனே புதிய சட்டம் போட்டது, அதுவும் 1990இல் செல்லாமல் போனது. அரசமைப்பையே திருத்தும் முயற்சி 2006இல் செனட்டில் ஒரு வாக்கில் தோற்றது. சட்டத்தடை போன பிறகு அங்கே தெருவெல்லாம் கொடி எரியவில்லை.

எதிர்த்தரப்பின் வலி

எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் எல்லோரும் வெறியர்கள் அல்ல. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் மிரட்டினார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். 1932இல் திருப்பூர் குமரன் கையில் கொடியோடு அடிபட்டுச் செத்தார். இந்த நினைவு வீட்டில் இருக்கிற ஒருவருக்குக் கொடி எரிவதைப் பார்த்தால் தன் தாத்தாவை எரிப்பது போலத்தான் இருக்கும். எல்லையில் பிள்ளையைக் கொடுத்த தாய்க்கும் அப்படித்தான். அந்த வலி உண்மை, அதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோறு போட்டால் குற்றம் என்ற ஆணையை மீறியவர்களின் வாரிசுகள் நாம். அந்த மீறலும் அன்றைய அரசின் கௌரவத்துக்கு அவமதிப்புதான். வலி இருக்கிறது என்பதற்குப் பதில் கண்டனம், புறக்கணிப்பு, அதே தெருவில் இன்னும் உயரமாக ஒரு கொடி. சிறை அல்ல.

எது குற்றம்

எரிப்பு என்றாலே எல்லாம் உரிமை என்று நான் சொல்லவில்லை. டெல்டாவில் நெருப்பின் பொருள் இரண்டு வகை. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி, ஒப்பாரி வைத்து இழுத்துப் போய்க் கொளுத்துவது பழைய வழக்கம். காவிரி நீர் வராதபோதும் விவசாயிகள் அதே முறையில் ஆட்சியாளர்களின் உருவபொம்மையை எரித்தார்கள். 2020இல் வேளாண் மசோதா நகல்கள் எரிந்தன. இதெல்லாம் மேலே இருப்பவர்களைப் பார்த்துப் பேசும் நெருப்பு.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தது வேறு நெருப்பு. அந்த வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்த நில உடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. காகிதம் எரித்தவர்கள் தண்டனையை முழுதாக அனுபவித்த அதே மண்ணில் இது நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் ஒரு சேரித் தெருவின் முனையிலோ ஒரு மசூதி வாசலிலோ அங்கே இருப்பவர்களை மிரட்டுவதற்காக எதையாவது கொளுத்தினால், அது கொடியாக இருந்தாலும் துண்டாக இருந்தாலும், பேச்சுரிமை என்று விடக் கூடாது. அங்கே குற்றம் மிரட்டல். அடுத்தவர் கொடியைப் பிடுங்கி எரித்தால் திருட்டும் சேதமும். கூரை வீடுகளுக்கு நடுவே எரித்தால் உயிருக்கு ஆபத்து. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குற்றவியல் சட்டத்திலேயே பிரிவுகள் இருக்கின்றன.

உண்மையான கொடி அவமதிப்பு என்று நான் நினைப்பது எதற்கும் அந்த 2ஆம் பிரிவு பயன்பட்டதாகவும் தெரியவில்லை. பட்டியலின ஊராட்சித் தலைவரைக் கொடியேற்றவிடாமல் தடுப்பது தமிழ்நாட்டில் பல இடங்களில் நடந்திருக்கிறது. 2020இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பெண் ஊராட்சித் தலைவருக்காக ஆட்சியரே நேரில் போய்க் கொடியேற்றச் செய்ய வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்டங்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கயிற்றை ஒரு பெண்ணின் கையிலிருந்து சாதியின் பெயரால் தட்டிப் பறிப்பவர்கள் அந்தக் கொடியைவிடப் பெரிய ஒன்றை எரிக்கிறார்கள்.

என்ன திருத்த வேண்டும்? 2ஆம் பிரிவின் முதல் விளக்கமே ஒரு வழி காட்டுகிறது. சட்ட வழியில் அரசமைப்பைத் திருத்தவோ கொடியை மாற்றவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யும் விமர்சனமும் கண்டனமும் குற்றமாகாது என்று அது ஏற்கெனவே சொல்கிறது. அந்த விலக்கு பேச்சோடு நிற்காமல், சொந்தப் பொருளை, ஆபத்தின்றி, யாரையும் மிரட்டாமல், கண்டனமாக எரிக்கும் செய்கைக்கும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிறை சென்றவர்களின் தண்டனை தவறு என்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு தீர்மானம் போடலாம். பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி ஆகிய இருவரின் பெயரில் அதைத் தொடங்கலாம்.